குடிகாரர் பட்டியலும் பேச்சியம்மாள் நீட்டிய கையும்

தொழிற்சாலை மருத்துவ அறையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்களே, நீங்கள் பயப்பட வேண்டிய ஒரு பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி, கத்தி, காலாவதியான மருந்து எல்லாம் பிறகு. தொழிலாளியின் மருத்துவக் கோப்பில் ‘காரணம்’ என்று அச்சடித்த ஒரு கட்டம் இருக்கிறதே, இரண்டு அங்குல நீளத்தில், அதற்குப் பயப்படுங்கள். நான் அதில் ஒருமுறை ஒரே ஒரு சொல் எழுதினேன். அதனால் ஒரு பையனின் கல்யாணம் நின்றது. நான் பார்த்தே இராத ஒரு பெண்ணின் உயிரும் போயிருக்கும். போகாமல் இருந்ததற்கு என் படிப்பு காரணமில்லை. அந்தப் பெண்ணின் கோபம்தான் காரணம்.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். மன்னியுங்கள். வெட்கப்பட வேண்டிய இடங்களில்தான் அதிகமாக வருகிறது. என் மனைவி கேட்டால், “சிரிச்சே தப்பிச்சுக்கிறீங்க” என்பாள். இல்லை. சிரிக்காமல் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 2006-இல் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்து 2015-இல் ஓய்வு பெற்றேன். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு எண் வரும். கல்லீரலுக்கு ஏதோ தொந்தரவு இருக்கிறது என்று சொல்லும் எண். என்ன தொந்தரவு என்று அது சொல்லாது. அந்தக் குறையை நான் நிறைவு செய்தேன். இருபத்தைந்து வயதுப் பையன், விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை லீவு, எண் ஏறியிருக்கிறது. வேறென்ன இருக்க முடியும்? ‘காரணம்: மது.’ கையெழுத்து. அடுத்தவரை வரச் சொல்லு.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எண் ஏறியவர்களை எல்லாம் வியாழக்கிழமை மதியம், ஷிப்ட் மாறும் நேரத்தில், பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்து நான் பேசுவேன். டீ, பன் உண்டு. வர வேண்டியவர்களின் பெயரை கேன்டீன் வாசலில், கம்பெனி பஸ் நேரம் ஒட்டும் பலகையில் ஒட்டிவிடுவோம். நிர்வாகம் அதற்கு ‘ஆரோக்கிய வழிகாட்டல்’ என்று பெயர் வைத்தது. தொழிலாளர்கள் ‘சரக்கு கிளாஸ்’ என்றார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

நான் ரப்பரில் செய்த இரண்டு கல்லீரல் மாதிரிகளை வாங்கிவைத்திருந்தேன். ஒன்று வழவழப்பாக இருக்கும், இன்னொன்று சுருங்கிக் கரடுமுரடாக இருக்கும். இரண்டையும் கையில் தூக்கிக்காட்டி நாற்பது நிமிடம் முழங்குவேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சார், ரெண்டாவது பீஸ்தான் நேத்து கேன்டீன்ல போட்டாங்களா?” என்று கேட்டது. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். ஊரார் பார்க்கும் பலகையில் ஒருவனுடைய ரத்தத்தின் ரகசியத்தை ஒட்டுகிறோமே என்று ஒருநாள் கூடத் தோன்றவில்லை.

அந்தப் பட்டியலில் 2009-இல் முத்துராஜ் பெயர் வந்தது. சாத்தூர் பக்கத்துக் கிராமம். மெலிந்த உடம்பு. கேன்டீனில் காபி கூட வாங்காமல் மோர் கேட்கும் ஆள்.

“சார், நான் தொட்டதே இல்ல சார்” என்றான்.

அதற்கு நான் ஒரு புன்னகை வைத்திருந்தேன். இருபது வருடம் பழக்கிய புன்னகை. எல்லாம் தெரியும், கோபமில்லை, ஆனால் நம்பவில்லை என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லும். “எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்லுவாங்க” என்றேன்.

மறு ஆண்டு அவனுடைய எண் இன்னும் ஏறியிருந்தது. இந்த முறை அவன் அழாத குறை. “சார், எங்க அய்யாவும் ஈரல் கெட்டுத்தான் செத்தாக. அவுகளும் குடிச்சதில்ல சார்” என்றான். தெற்கே அப்பாவை அய்யா என்பார்கள்.

இளம் டாக்டர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறான் பையன். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘காரணம்: மது’ என்பதற்குக் கீழே, அழகான கையெழுத்தில், ‘தந்தையும் குடியால் இறந்தவர்’ என்று எழுதினேன். அப்பாவின் சாவை மகனின் குற்றத்துக்குச் சாட்சியாக்கினேன். இறந்துபோன, நான் பார்த்திராத ஒரு மனிதரைக் குடிகாரராக்க எனக்கு ஆன நேரம் நாலு விநாடி.

எச்சரிக்கை வராமல் இல்லை. எங்கள் நர்ஸ் கலாவதி வாலாஜாபாத்காரர். நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அந்தப் புள்ள குடிக்கிற மூஞ்சி இல்ல சார்” என்றார்.

“மூஞ்சியப் பாத்து நோய் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனாம்மா?”

“நம்பரப் பாத்து மட்டும் சொல்லிகினு கீறீங்களே சார்” என்றார் அவர், பஞ்சைக் கத்தரித்துக்கொண்டே.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் தனசேகரன் வடிவில் வந்தது. பிள்ளைப்பாக்கத்துக்காரர். வேலை நாளில் ஒரு சொட்டுத் தொட மாட்டார், ஆனால் அவருடைய சனிக்கிழமைகள் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். பட்டியல் ஒட்டிய அன்று மருத்துவ அறைக்கு வந்து நின்றார். முகத்தில் மனத்தாங்கல்.

“இன்னா சார் இது? என் பேரு வரல?”

“உங்க நம்பர் சரியா இருக்குங்க.”

“எப்டி சார் சரியா இருக்கும்? அப்போ நான் இத்தினி வருசமா அடிச்சது இன்னா, பன்னீரா? மோர் குடிக்கிற பையன் பேரு போர்டுல கீது. என் பேரு இல்ல. லைன்ல அல்லாரும் என்னப் பாத்து சிரிக்கிறானுங்க சார்.”

கலாவதி சிரித்து சிரித்து மருந்து டப்பாவைக் கீழே போட்டார். நானும் சிரித்தேன். குடிக்கிறவருக்கு எண் சரியாக இருக்கிறது, குடிக்காதவனுக்கு ஏறியிருக்கிறது என்று தனசேகரன் எதிரே நின்று கத்துகிறார். ஒரு மருத்துவன் அதைக் கேட்டு யோசித்திருக்க வேண்டும். நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

முத்துராஜின் நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டது. அறை நண்பர்கள் அவனைப் புதிய மரியாதையோடு பார்த்தார்கள். “கமுக்கமான ஆளுடா நீ, எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?” என்று அவன் பெட்டியைக் குடைந்தார்கள். கிடைத்தது விபூதிப் பொட்டலம். அதோடு போயிருந்தால் சிரிப்புதான். ஆனால் அவனுக்கு அக்கா ஒருத்தி பெண் பார்த்துப் பேசிமுடித்திருந்தாள். பெண்ணின் ஊர்ப் பையன் ஒருவன் எங்கள் பெயின்ட் பகுதியில் வேலை பார்த்தான். பலகையைப் பார்த்தான். போன் போட்டான். பெண் வீட்டார் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு எதுவும் தெரியாது. 2011 தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்யும்வரை.

“சார், ஒரு அம்மா வந்துகீறாங்க. டாக்டரப் பாக்காம போமாட்டேன்னு கேட்டாண்ட குந்திகினாங்க. இன்னா செய்ய?”

அனுப்பச் சொன்னேன். கதவைத் திறந்துகொண்டு வந்த உருவத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெளியாள் உள்ளே வந்தால் பாதுகாப்புத் தொப்பியும் கண்ணாடியும் ஆரஞ்சுச் சட்டையும் போட்டே ஆகவேண்டும் என்பது எங்கள் விதி. நாற்பது வயது இருக்கும் ஒல்லியான ஒரு பெண், சுங்கடிச் சேலைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை, கொண்டைக்கு மேல் மஞ்சள் தொப்பி, முகத்தில் பெரிய கண்ணாடி, கையில் துணிப்பை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சிரிப்பு நின்றது.

“நீங்கதான் டாக்டரா?”

“ஆமாம்மா. உட்காருங்க.”

“உக்கார வரல. நான் முத்துராசோட அக்கா, பேச்சியம்மா. எந்தம்பி குடிச்சத நீங்க பாத்தீகளா?”

“பாக்கலம்மா. ரத்தத்துல தெரிஞ்சுது.”

“ரத்தத்துல சாராயம் இருந்துச்சா?”

“சாராயம் இல்ல. ஈரலுக்கு ஒரு எண் இருக்கு, அது ஏறியிருந்தது…”

“எண்ணு குடிச்சுச்சா?”

கலாவதி பக்கத்து அறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“எங்க அய்யா வெத்தல கூடப் போடாத மனுசன்” என்றாள் பேச்சியம்மாள். “அம்பது வயசுல ஈரல்ல கட்டின்னாக. வயிறு பானையா வீங்கிச் செத்தாக. ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? ஒளிஞ்சு குடிச்சிருப்பான்னு சொல்லுச்சு. எழவு வீட்டுலயே எங்காத்தா காதுல விழுற மாதிரி சொன்னாக. அவ சாகிற வரைக்கும் தல நிமிந்து தெருவுல நடக்கல. இப்ப எந்தம்பிக்குப் பாத்த பொண்ணு வீட்டுல, அப்பன மாதிரியே மகனும்ங்காக. ஊர்ச் சனம் சொன்னா வாயி இருக்குன்னு விட்டுறலாம். நீங்க படிச்சவுக. எழுதி ஒட்டிட்டீக. அதுக்கு மேல நான் யாருகிட்டப் போயி என்னன்னு சொல்ல?”

என் புன்னகையைத் தேடினேன். அன்றைக்கு அது வரவில்லை. “எண் பொய் சொல்லாதும்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் துணிப்பையை மேசைமேல் வைத்தாள். இடது கையை முழங்கைவரை நீட்டினாள்.

“எடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான். எனக்கும் அந்த எண்ணு ஏறியிருந்தா, பேச்சியம்மா குடிகாரின்னு அதே பலகையில ஒட்டுங்க. நானே பசை தடவித் தாரேன்.”

வெளியாளின் ரத்தத்தை எங்கள் கணக்கில் அனுப்பக் கூடாது. ஆனால் நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கலாவதி அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டிருந்தார். “சும்மா பாத்துருவோம் சார், இன்னா கெட்டுப்போச்சு?”

நான் சம்மதித்தேன். ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரக்கத்தால் இல்லை. அக்காவின் எண் சரியாக வரும், அதைத் தம்பியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்காட்டி, ‘பாத்தீங்களா, ரத்தம் ஒண்ணுதான், பழக்கம்தான் வேற’ என்று சொல்லி அவளை அனுப்பிவைக்கலாம் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை கூடப் பார்த்துவிட்டேன். முடிவை முத்துராஜிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள்.

மாலை ஐந்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. கலாவதி எடுத்தார். எழுதிக்கொண்டார். எழுதியதை இரண்டு முறை பார்த்தார்.

“சார், அக்கா நம்பரு தம்பி நம்பரத் தாண்டிகினு போவுது.”

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். ஒரு விநாடி. குடிக்காத தம்பி. குடிக்காத அக்கா. ஐம்பது வயதில் ஈரலில் கட்டி வந்து இறந்த அப்பா. கோப்பைப் பிரித்தேன். அப்பாவின் சாவு கூட அதில் இருந்தது. என் கையெழுத்தில் இருந்தது.

“அந்தம்மா எங்கே?”

“ஊருக்குக் கெளம்பிட்டாங்க சார். ஆறரைக்கு பெருங்களத்தூர்ல பஸ்ஸுன்னு சொன்னாங்க. போன் கூட இல்ல அவங்ககிட்ட.”

மறுநாள் தம்பியிடம் சொல்லி வரவழைத்திருக்கலாம். நிதானமான டாக்டர் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் ஐநூறு கிலோமீட்டர் போய்விட்டால் அவள் திரும்பி வருவாளா? குடிகாரன் என்று ஒட்டிய டாக்டர் கூப்பிட்டால் யார் வருவார்கள்? இரண்டு ஆண்டு நிதானமாகத்தானே இருந்தேன் என்று தோன்றியது. வாசலுக்கு ஓடினேன்.

தனசேகரன் ஆம்புலன்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து, “பெருங்களத்தூர்” என்றேன். படப்பை தாண்டியதும் நெரிசல். ஷிப்ட் பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று.

“சைரன் போடட்டா சார்?”

“வண்டியில நோயாளி இல்லையேய்யா.”

“நோயாளியத் தேடிகினுதானே சார் போறோம்?”

முப்பது ஆண்டு மருத்துவ வாழ்க்கையில் இதைவிடத் தெளிவான வாதத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். அவர் கையால் கதவைத் தட்டி, “டாக்டர் கீறாரு, ஒத்து ஒத்து” என்று கத்திக்கொண்டே வண்டலூர்வரை வந்தார். வழிநெடுக ஆட்கள் என்னைத்தான் நோயாளி என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். அது அவ்வளவு தவறில்லை என்று எனக்குப் பட்டது.

பெருங்களத்தூரில் தென்மாவட்ட பஸ்கள் நிற்கும் இடத்தில், மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸிலிருந்து நான் குதித்து ஓடிவருவதை நிதானமாகப் பார்த்தாள்.

“என்ன, பலகையில ஒட்டப் பசை வேணுமா?”

“அம்மா, உங்க எண்ணும் ஏறியிருக்கு. தம்பியவிட அதிகமா.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கடலையைக் கீழே வைத்தாள்.

“அப்ப நானும் குடிகாரிதானா?”

“இல்லம்மா. நான்தான் முட்டாள்.”

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் ‘க்ளுக்’ என்று சிரித்தார். பேச்சியம்மாளும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “எங்க அய்யாவுக்கு வந்ததா?”

“தெரியல. தெரிஞ்சுக்கணும். இன்னிக்குப் போகாதீங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் முன்னால் ஏறினாள். “படுக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தோம். முத்துராஜுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. அவளுக்கும் கொழுப்பு, அதோடு வலது பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, பசியின்மை இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. அவள் அன்று அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால், வயிறு வீங்கும்வரை அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சென்னையில் கல்லீரல் சிகிச்சை பார்க்கும் ஒரு டாக்டரிடம் அனுப்பினேன். பெயர் வேண்டாம். என்னைவிட இருபது வயது இளையவர். மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார். இல்லை. கட்டியை உறுதிசெய்தார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். பிறகு என்னைக் கேட்டார்: “குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா சார்?”

“அப்பாவுக்கு.”

“அது உங்க ரெக்கார்ட்ல இருந்ததா?”

“இருந்தது” என்றேன். எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், இன்று நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள் என்றாலும். நம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சிலருக்குக் கல்லீரல் கொழுப்பைக் கையாளும் ஒரு மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அப்படிப்பட்டவர்களின் கல்லீரலில் கொழுப்பு தங்கிவிடுகிறது. சிலருக்கு அது வடுவாகிறது, வெகு சிலருக்குப் புற்றுநோய்வரை போகிறது. குடி, உடல் எடை, சர்க்கரை சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆனால் ஒல்லியாக இருந்து மோர் குடிப்பவருக்கும் வரலாம். மாற்றம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாமலே ஆயுள் முடிந்துவிடும். அது விதி இல்லை, சாய்வு. தரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாய்ந்த தரையில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நான் பிடிக்க வேண்டிய கையில் பன்னைக் கொடுத்து வகுப்பு எடுத்தேன்.

அந்த மருத்துவமனையில் ஆராய்ச்சிக்காகச் சில குடும்பங்களின் ரத்தம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும் கொடுத்தார்கள். இருவருக்கும் இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருந்தது.

அறுவை சிகிச்சை நாளில் நானும் முத்துராஜும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவன், “சார், சாப்ட்டீங்களா?” என்று கேட்டான். நாலு முறை கேட்டான். நாலாவது முறை எனக்குப் புரிந்தது, “சாப்ட்டேன்” என்றேன். மதியம் இளைய டாக்டர் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தினார். முத்துராஜ் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். ஐம்பத்து மூன்று வயதில், மருத்துவமனை வராந்தாவில், நானும் குதித்தேன். காவலாளி வந்து அதட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை கடைசி சரக்கு கிளாஸ் நடந்தது. ரப்பர் கல்லீரல்களை எடுத்துவரவில்லை. முத்துராஜிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். “நான் எழுதியது தப்பு. இவர் குடித்ததில்லை. இனிமேல் யார் பெயரும் பலகையில் வராது” என்றேன். வாசலில் நின்ற தனசேகரன்தான் முதலில் வாயைத் திறந்தார்: “அப்போ கடைசி வரிக்கும் என் பேரு வரவே வராதா சார்?”

கோப்பில் இருந்த அந்த இரண்டு வரியையும் அடித்தேன். தப்பை மறைக்கும்படி கிறுக்கக் கூடாது, படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தக் கோட்டை நேராகப் போட எனக்கு இரண்டு முறை பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து பேச்சியம்மாள் மறுபரிசோதனைக்கு வந்தபோது ஒரு கோரிக்கை வைத்தாள். “எங்க அய்யா குடிக்கலன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க.”

அவளுக்கு நான் பட்ட கடனுக்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம் போலிருந்தது. ஆனால் நான் பார்க்காத மனிதர் குடித்தார் என்று எழுதியது எப்படித் தப்போ, குடிக்கவில்லை என்று எழுதுவதும் அப்படியே தப்பு. அதைச் சொன்னேன். அவள் முகம் இறுகியது.

“குடிச்சாருன்னு எழுத மட்டும் கை வந்துச்சோ?”

ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து, உண்மை அனுமதிக்கும் கடைசி எல்லைவரை போய், இப்படி எழுதினேன்: ‘இவருடைய இரு பிள்ளைகளுக்கும் இரண்டு பிரதியிலும் மாற்றம் உள்ளது. ஆகவே அதில் ஒன்று இவரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். இத்தகைய மாற்றம் உள்ளவருக்கு, குடிப்பழக்கம் இல்லாமலும், கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும். இவருடைய நோயை வைத்து இவர் குடித்தார் என்று சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.’

அவள் கலாவதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பெயின்ட் பகுதிப் பையன் மறுபடி ஊருக்குப் போன் போட்டிருந்தான், இந்த முறை நல்ல சேதி சொல்ல. ஆவணியில் முத்துராஜுக்கு அதே பெண்ணோடு கல்யாணம். சாத்தூருக்குப் போனேன், கலாவதி, தனசேகரன் எல்லோரும் வந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் பேச்சியம்மாள் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், இருபது ஆண்டுக்கு முன் எழவு வீட்டில் பேசியவர்களில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவளுடைய பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் அந்தக் கடிதத்தை வாசித்தார். ‘மரபணு’ என்ற சொல் வந்தபோது நாதஸ்வரக்காரர் எதற்கோ ஒரு பீப்பி ஊதினார். கூட்டம் கைதட்டியது. கடைசி வரி வந்ததும் பேச்சியம்மாள் மைக்கை வாங்கி, “அந்த டாக்டரு இவருதான். எந்திரிச்சு நில்லுங்க” என்றாள். எழுந்து நின்றேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு விழா அதுதான்.

பந்தியில் எனக்கு அவளே பரிமாறினாள். குனிந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. நீங்க குடிப்பீகளா?”

பக்கத்து இலையில் தனசேகரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“சனிக்கிழமை ரெண்டு. கிளப்புல” என்றேன். “இப்ப நிறுத்திட்டேன்.”

“அந்த எண்ணு?”

“என்னோடதா? எப்பவும் சரியாத்தான் இருந்துது.”

கரண்டியை வாளியில் போட்டுவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், பந்தி முழுக்கத் திரும்பியது. அறுவை சிகிச்சைத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன், இலையில் கண்ணீர் விழுந்தது.

“ஒங்க அய்யா?” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “அவுக குடிப்பாகளா?”

“தினமும்” என்றேன். “எண்பத்து நாலு வயசுவரைக்கும் இருந்தார். ஈரல்ல ஒரு குறையும் இல்ல. ஊருல அவருக்கு நல்ல மரியாதை.”

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். வாளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்ப வீட்டுக்குப் போனதும் ஒங்க அய்யா படத்துக்கு முன்னாடி நின்னு ஒரு கும்பிடு போடுங்க” என்றாள். “நல்ல ஈரலாப் பாத்துக் குடுத்துட்டுப் போயிருக்காக.”

அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.